தூர்வாரலா, வடிச்சலா, கண்டலா: வட்டைக்கு வரும் காலநிலைப் பணத்தை முதலில் எங்கே இறக்குவது?

மட்டக்களப்பின் படுவான்கரையில் (வாவியின் மேற்குப் பக்கம்) ஒரு வட்டையை, அதாவது வயல்வெளியை, எடுத்துக்கொள்வோம். 200 ஏக்கர் வயல். மேற்கே ஒரு சிறு குளம், கிழக்கே மட்டக்களப்பு வாவி. மாரியில் வட்டை முழுவதும் விதைப்பு நடக்கும். கோடைச் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எட்டுமட்டும்தான். இந்த வட்டைக்குக் காலநிலை மாற்றத்தின் பேரில் ஒருமுறை பணம் வருகிறது என்று வையுங்கள். எல்லாவற்றுக்கும் போதாத பணம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஐந்து யோசனைகள் எழும்: குளத்தைத் தூர்வாருவோம், துருசையும் (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு) வாய்க்காலையும் வடிச்சலையும் (மிகுதி நீர் வடியும் வாய்க்கால்) திருத்துவோம், வயலைக் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் முறைக்கு மாறுவோம், வாவிக்கரையில் கண்டல் மரம் நடுவோம், சூரிய சக்திப் பம்பி வாங்குவோம்.

ஐந்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எது முந்துவது என்பதில் பிழைத்தால் மற்றவற்றுக்குக் கொட்டும் பணமும் கரைந்துபோகும். தண்ணீரை விடவும் மறிக்கவும் வடியவைக்கவும் உதவும் கதவுகளும் வடிச்சல் வாய்க்கால்களுமே முந்தவேண்டும் என்பது எங்கள் முடிவு.

கொழும்புத் திட்டமும் வட்டைக் கணக்கும்

இலங்கை பாரிஸ் உடன்படிக்கையை 2016 செப்டெம்பரில் ஏற்று உறுதிசெய்தது. 2016 முதல் 2025 வரைக்கான தேசிய இசைவாக்கத் திட்டமும் அதே காலத்தில் வந்ததுதான். வெள்ளம், வரட்சி, உவர் ஆகியவற்றுக்கு எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதை அது பேசியது. பச்சைவீட்டு வாயுக்களைக் குறைக்கும் வாக்குறுதி வேறோர் ஆவணத்தில் இருக்கிறது. 2021இல் புதுப்பிக்கப்பட்ட அந்த ஆவணத்தின்படி 2030க்குள் வாயு வெளியீட்டை, வழமைபோல் போனால் எட்டும் அளவிலிருந்து 14.5 வீதத்தால் குறைக்கவேண்டும். அதில் 4 வீதம் நாட்டின் சொந்த முயற்சி, 10.5 வீதம் வெளியுதவி கிடைத்தால். 2030இல் மின்சாரத்தின் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டும் என்பதும், 2050இல் நிகரக் காபன் வெளியீடு பூச்சியமாக வேண்டும் என்பதும் அதே ஆவணத்தின் இலக்குகள்.

தாக்குப்பிடிக்கும் இசைவாக்கம் ஒரு தலைப்பிலும் வாயுவைக் குறைக்கும் தணிப்பு இன்னொரு தலைப்பிலுமாகப் பிரிந்து நிற்பதால் பணமும் பிரிந்தே வருகிறது. கீழே பொறுப்பும் அப்படித்தான். 80 ஹெக்டெயர், அதாவது 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களிடம். வயலைக் கடக்கும் வீதி பிரதேச சபையிடமோ வீதி அதிகாரிகளிடமோ. வாவிக்கரைக் கண்டலுக்கு வன, கரையோரத் திணைக்களங்கள். வடிச்சல் வாய்க்காலோ இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே ஓடுகிறது. அதைத் தன்னுடையது என்று சொல்ல யாரும் முன்வருவதில்லை. அது எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்திருக்கவேண்டும். நாட்டின் தணிப்புக் கணக்கில் பெரிய எண்கள் நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்திலும் வீதிப் போக்குவரத்திலும் இருக்கின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் உறுகாமத்து வயலிலோ நவகிரி வயலிலோ அல்ல. 1978இல் சூறாவளியையும் 2011 ஜனவரியில் அறுவடைக்குக் கிட்டிய வேளாண்மையை மூடிய வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்துக்கு இசைவாக்கம்தான் முதற்பாடு. தணிப்பு அதோடு சேர்ந்து வந்தால் நல்லது. தணிப்புக்காக விளைச்சலைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது விளைச்சலுக்கு நேர்ந்தது வயலில் நின்றவர்களுக்கெல்லாம் தெரியும். தடை அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று.

குளத்தைத் தூர்வாருதல்: மண்ணின் கணக்கு

கூட்டத்தில் அதிகம் கைதட்டல் வாங்குவது இந்த யோசனை. பெக்கோ இயந்திரம் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி மண்ணை அள்ளினால் ஓர் ஏக்கர் அடி தண்ணீருக்கு இடம் கிடைக்கும்: 43,560 கன அடி, ஏறத்தாழ 435 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). சிறுபோகத்தில் ஓர் ஏக்கர் நெல்லை விளைவிக்க 4 முதல் 5 ஏக்கர் அடி தண்ணீர் வேண்டும். ஆக ஒரேயொரு ஏக்கரைக் கூடுதலாக விதைக்க 1,700 முதல் 2,200 கியூப் மண் அள்ளவேண்டும். 3 கியூப் டிப்பரில் 600, 700 நடை. இது ஒருமுறைச் செலவு, தூர் திரும்பச் சேரும்வரை ஆண்டுதோறும் பலன் தரும் என்பது உண்மை. அப்படிப் பார்த்தாலும் விலை கூடிய தண்ணீர்தான்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. முதலாவது, துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுவது. அங்கே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் அண்டிய கிணறுகளுக்கும் உதவும். அதுவும் வேண்டியதே, ஆனால் அதை வயலுக்கான தண்ணீராகக் கணக்கில் எழுதக்கூடாது. இரண்டாவது, குளக்கட்டின் அடியோரமாகத் தோண்டுவது. காலாகாலமாகப் படிந்த களிமண் படைதான் கசிவை மறிக்கிறது. அதைக் கிழித்தால் கட்டின் அடியால் ஊற்றெடுக்கும். மூன்றாவது, அள்ளிய மண்ணை அலைகரையிலேயே, குளத்தின் நீர்விளிம்பிலேயே, குவிப்பது. அடுத்த மாரியில் அது திரும்பக் குளத்துக்குள் வந்துவிடும்.

வானை, அதாவது குளம் நிறைந்ததும் மிகுதித் தண்ணீர் வழியும் இடத்தை, ஓரடி உயர்த்தினால் மலிவாகக் கிடைக்குமே என்பார்கள். 60 ஏக்கர் பரப்பில் நீர் நிற்கும் குளத்தில் அது 60 ஏக்கர் அடி, மெய்தான். ஆனால் வான் மட்டத்துக்கும் கட்டின் உச்சிக்கும் உள்ள இடைவெளிதான் பெருமழையில் கட்டைக் காப்பாற்றுவது. கட்டை உயர்த்தாமல் வானை மட்டும் உயர்த்துவதும், தை மாதம் வானில் மண்மூடை அடுக்குவதும் குளம் உடைவதற்கான வழி. பொறியியலாளரின் அளவீடு இல்லாமல் இதில் கைவைக்கக்கூடாது.

தூர்வாரலுக்குச் சார்பாகவும் ஒன்று சொல்லவேண்டும். கோடையில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியானாலும் நான்கு மாதத்தில் இரண்டு அடி போய்விடும். நான்கடித் தண்ணீர் பரந்து நிற்கும் தட்டைக் குளத்துக்கு அது பாதி இழப்பு. அப்படிப்பட்ட குளத்தை முழுவதும் கிண்டாமல் ஒரு பகுதியை மட்டும் ஆழமாக்குவது நியாயம். ஆனால் அது இரண்டாம் கட்டத்து வேலை.

துருசும் வாய்க்காலும் வடிச்சலும்

மூடிய துருசின் கீழே ஒரு 10 லீற்றர் வாளியைப் பிடியுங்கள். இரண்டு செக்கனில் நிறைந்தால் கசிவு செக்கனுக்கு 5 லீற்றர். பார்வைக்குச் சின்ன ஒழுக்கு. ஒரு நாளைக்கு அது 432 கன மீற்றர், முப்பது நாளில் 12,960 கன மீற்றர்; ஏறத்தாழ பத்தரை ஏக்கர் அடி. இரண்டு ஏக்கருக்கு மேற்பட்ட சிறுபோக நெல்லின் தண்ணீர் விதைக்கும் முன்னரே போய்விடுகிறது. அதே அளவை மண் அள்ளிப் பெறவேண்டுமானால் 4,500 கியூபுக்கு மேல், 1,500 டிப்பர் நடை. துருசுக்கோ புதிய கதவுத்தட்டு, இறப்பர் விளிம்பு, நேராக்கிய திருகுத்தண்டு, கிரீஸ், பூட்டு போதும். இதைவிட மலிவான தண்ணீர் மாவட்டத்தில் எங்கும் இல்லை.

கசிந்த தண்ணீர் முழுவதும் வீண் அல்ல என்று தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமார் சொல்வார்கள். சரியான பேச்சு. மேல் வட்டையின் கழிவுநீர்தான் பல இடங்களில் கீழ் வட்டையின் பாசனம். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வால்பகுதி வயல்களுக்கு இது இன்னும் பொருந்தும்: மேலே மிச்சம்பிடித்தால் கீழே வரத்துக் குறையலாம். ஆகவே கதவைத் திருத்தும்போது கீழ் வட்டையின் அமைப்பையும் கூட்டத்துக்கு அழைத்து, அவர்களுக்குரிய முறையை எழுதி வைக்கவேண்டும். கல்லோயா இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் வயல் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் பத்து இருபது பேர் கொண்ட சிறு குழு அமைத்து, துப்புரவும் முறைவைத்துத் தண்ணீர் பகிர்வதும் நடந்தது. சீமெந்தோடு சேர்த்து மனிதரையும் ஒழுங்குபடுத்தினால்தான் கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் போகும் என்பது அங்கே தெளிவானது.

இனி வடிச்சல். மட்டக்களப்பில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,700 மி.மீ.; அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை கொட்டுகிறது. வேளாண்மை அழிவது மழையாலல்ல, மழைநீர் நாட்கணக்கில் நிற்பதால். வீசி விதைத்த முளை மூன்று நாலு நாள் மூடுண்டால் அழுகும். கதிர் உள்ளிருக்கும் குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் மூடினால் பதர்தான் மிஞ்சும்.

100 ஏக்கரில் 100 மி.மீ. மழை பெய்தால் 40,000 கன மீற்றர் தண்ணீர். அதை இரண்டு நாளில் வெளியேற்ற செக்கனுக்கு 0.23 கன மீற்றர் ஓடவேண்டும். இரண்டடி விட்டமுள்ள ஹியூம் குழாயில் தண்ணீர் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் நிறைந்து ஓடினால் 0.28 கன மீற்றர் போகும். அதாவது ஒரு குழாய் தாங்கும். மழை 300 மி.மீ. ஆகி, மூன்று நாளில் வடியவேண்டுமானால் 0.47 கன மீற்றர்; இரண்டு குழாய் வேண்டும். நமது 200 ஏக்கர் வட்டைக்கு நாலு. வயல்களைக் குறுக்கறுத்து உயர்த்திக் கொங்கிறீற் போட்ட பாதைகளின் மதகுகளில் இத்தனை குழாய் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பாதையை உயர்த்தியபோது மதகை அகலமாக்காத இடத்தில் வீதியே அணைக்கட்டாகிவிடும். ஒரு பக்கத்து வயல் மூழ்கும். மறுபக்கம் தண்ணீர் ஏறிப் பாயும். அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே 2024 நவம்பர் 26 அன்று வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் உழவு இயந்திரத்தில் வந்த மாணவர்களைக் கொண்டுபோனதை யாரும் மறக்கவில்லை. வெள்ளம் கடக்கும் வீதி எதுவாயினும், முதலில் பார்க்கவேண்டியது தண்ணீருக்கு விட்டிருக்கும் வழியை.

வடிச்சலின் முனை வாவியில் விழும் இடத்தில்தான் சிக்கல் கூட. வாவியின் மட்டம் வயலைவிட உயர்ந்து நிற்கும் நாட்களில் எத்தனை குழாய் வைத்தும் தண்ணீர் போகாது, திரும்பி வரும். அதனால் முனையில் ஒருவழிக் கதவு வேண்டும்: வெளியே தள்ளினால் திறக்கும், உள்ளே தள்ளினால் சாத்தும். சல்பீனியா நீர்க்களையும் நெகிழிப் போத்தலும் சிக்கினால் கதவு பாதி திறந்தபடி நிற்கும், உவர் ஏறும். மாரிக்கு முன் ஒருமுறை, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் ஒருமுறை கையால் துப்புரவாக்க ஆள் வேண்டும். அந்தக் கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்க்காவிட்டால் மூன்றாம் வருடம் கதவு இரும்புக் கடையில் இருக்கும்.

வாவி கடலோடு சேரும் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் வெட்டும் நாள் இதோடு பிணைந்தது. பிந்தினால் தாழ்நில வயல் மூழ்கும். வெள்ளம் வடிந்தபின்னும் நீண்டநாள் திறந்திருந்தால் கடல்நீர் மேலேறும். இறாலும் மீன்குஞ்சும் உள்ளே வர வாய் திறந்திருக்கவேண்டும் என்பது மீனவரின் நியாயம். மட்டத்தை அளக்கும் கோல் ஒன்றை நாட்டி, எந்த அளவில் வெட்டுவது என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் வெள்ளத்துக்கு நடுவே வாக்குவாதம் இராது.

காயவிட்டுத் தண்ணீர் கட்டுதல்

இசைவாக்கத்தையும் தணிப்பையும் ஒரே வரம்புக்குள் கொண்டுவரக்கூடிய முறை இது. வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் சேற்றில் ஒட்சிசன் இல்லாமல் மீதேன் உருவாகும். இடையிடையே காயவிட்டால் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும், தண்ணீரும் மிஞ்சும்.

செய்வது எளிது. நாலங்குல பி.வி.சி. குழாயில் 30 செ.மீ. துண்டு வெட்டி, கீழ்ப் பாதியில் சுற்றிவரத் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போக இறக்குங்கள். உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் நிலமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் வயலில் 5 செ.மீ. நிற்கத் தண்ணீர் கட்டுங்கள். வீசி விதைத்த வயலில் முதல் மூன்று கிழமைக்கு இந்த முறை வேண்டாம். தண்ணீர் இல்லாவிட்டால் நெற்சப்பி, பன்றிநெல் போன்ற களைகள் முந்திக்கொள்ளும். பூக்கும் காலத்துக்கு ஒரு கிழமை முன்னும் பின்னும் காயவிடக்கூடாது. யூரியாவை வயல் வடிந்திருக்கும்போது எறிந்து உடனே தண்ணீர் கட்டவேண்டும். இல்லையேல் நைதரசன் வீணாகி, மீதேனில் குறைத்தது நைதரசொட்சைட்டாகத் திரும்பும்.

ஆனால் இதன் எல்லைகள் பெரியவை. மாரியில் வயலைக் காயவிடுவது மழையின் கையில் இருக்கிறது, கமக்காரரின் கையில் இல்லை. ஆக இது சிறுபோகத்துக்கு மட்டும். வாவியோர உவர்க்காணியில் செய்யவே கூடாது. காயும்போது உப்பு மேலே ஏறும். உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் நெல் விளைச்சல் 12 வீதமளவில் விழும். அந்தக் காணிக்கு ஏ.ரி. 354 போன்ற உவர்தாங்கும் இனமும் தேங்கிய நன்னீரும்தான் மருந்து. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த முறைத் தண்ணீர் குறித்த நாளில் வரும் என்ற நம்பிக்கை இல்லாதவர் தன் வயலைக் காயவிடமாட்டார். கதவு உடைந்த வாய்க்காலில் பயிற்சி வகுப்பு நடத்திப் பிரயோசனமில்லை. இதனால்தான் துருசு முந்துகிறது என்கிறோம்.

வாயுக் குறைப்பை விற்றுக் காபன் பணம் வரும் என்ற பேச்சையும் கணக்கிட்டுப் பாருங்கள். தெற்காசியாவுக்கான பொதுக் குணகங்களின்படி, 90 நாள் தண்ணீர் நிற்கும் வயலில் ஹெக்டெயருக்கு ஏறத்தாழ 76 கிலோ மீதேன் வரும். பலமுறை காயவிட்டால் 34 கிலோ குறையும். காபனீரொட்சைட்டுக் கணக்கில் அது ஹெக்டெயருக்கு ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு, ஏக்கருக்கு 400 கிலோ. 200 ஏக்கரும் சேர்ந்தாலும் போகத்துக்கு 80 தொன்கூட இல்லை. தொன் 10 டொலர் என்றாலும் 800 டொலர். அளந்து உறுதிப்படுத்தும் செலவுக்கே காணாது. காபனுக்காக அல்ல, தண்ணீருக்காக இதைச் செய்யுங்கள். மீதேன் குறைவதை நாடு தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும், அதற்குப் பதிலாக வாய்க்காலைத் திருத்தித் தரட்டும்.

கண்டலும் சூரியப் பம்பியும்

கண்டல் வாவிக்கு உயிர். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் நடுகை விழா வேறு, கண்டல் காடு வேறு. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் 23 இடங்களில் 1,000 ஹெக்டெயருக்கு மேல் நட்டவற்றை ஆராய்ந்தபோது 200 சொச்ச ஹெக்டெயரே தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. நடுவதற்கு வசதியான ஒரே இனத்தைப் பிழையான மட்டத்தில் ஊன்றியதும், பிறகு எட்டிப் பாராததும் காரணம். நமது வாவியில் வற்றுப்பெருக்குச் சொற்பம். மாரியில் மட்டம் வாரக்கணக்கில் உயர்ந்து நிற்கும், தாழ்வாக நட்ட கன்று மூழ்கிச் சாகும். பக்கத்தில் தானாக நிற்கும் கண்டல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுதான் அளவுகோல். பல இடங்களில் நடவே தேவையில்லை: மறிக்கப்பட்ட நீரோட்டத்தைத் திறந்து, இரண்டு மூன்று வருடம் மாடும் எருமையும் புகாமல் வேலி போட்டால் விதை தானே வந்து ஊன்றும். ஆகவே கண்டலுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி கன்றுக்கு அல்ல, வேலிக்கும் காவலுக்கும்.

சூரியப் பம்பியை நெல்லுக்கு யோசிக்கவேண்டாம். ஓர் ஏக்கர் சிறுபோக நெல்லுக்கு நாளொன்றுக்கு 60, 70 கன மீற்றர் இறைக்கவேண்டும். அதே தண்ணீரில் மூன்று ஏக்கர் கச்சானோ மிளகாயோ விளையும். கடலோர எழுவான்கரை மணற்றரையில் இன்னொரு ஆபத்து: நிலத்தடி நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது, நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உவர் நாற்பது அடி மேலேறப் பார்க்கும். எரிபொருள் செலவில்லாத பம்பியை நிறுத்த யாருக்கும் மனம் வராது. மண்ணெண்ணெய்ப் பம்பி ஓடும் தோட்டத்தில் அதை மாற்றுவது நல்லது. ஆழக் கிணறு தோண்டிப் புதிதாகப் பூட்டுவது கூடாது.

எங்கே இந்த வரிசை மாறும்

குளக்கட்டில் வெடிப்போ ஊற்றோ தெரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைத்தான் செய்யவேண்டும். வாவியிலிருந்து தள்ளி, உன்னிச்சைப் பக்கம்போல் மேட்டில் இருக்கும் வட்டைக்கு ஒருவழிக் கதவு தேவைப்படாது. அந்தப் பணம் வாய்க்காலுக்குப் போகலாம். குளமே இல்லாத மானாவாரி வட்டையில் வடிச்சலும் விதைப்புத் தேதியும் நெல்லின் வயதும்தான் கையில் உள்ளவை. ஐப்பசிக் கடைசியில் மூன்று மாத நெல் விதைத்தால் அது தைக் கடைசியில், மழை முற்றாக விடுமுன் சாயும். மூன்றரை மாத நெல் மாசியில் விளையும்.

வேலையின் காலமும் முக்கியம். துருசுத் திருத்தம் குளம் வற்றும் ஆவணி, புரட்டாதியில். வடிச்சல் வெட்டும் மதகு மாற்றமும் சிறுபோக அறுவடைக்கும் முதல் மழைக்கும் இடைப்பட்ட ஆறேழு கிழமையில். ஆகவே மதிப்பீடு சித்திரையிலேயே தயாராக இருக்கவேண்டும். பணம் கார்த்திகையில் வந்தால் சேற்றுக்குள் சீமெந்தைக் கொட்டுவதுதான் மிச்சம். சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர்த் தேதிகளோடு இன்னொரு முடிவையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்தக் கதவின் திறப்பு யாருடைய கையில், அவர் ஊரில் இல்லாத இரவில் யாருடைய கையில்.